மாரடைப்புக்குப் பின் கொழுப்பு மாத்திரை: நாள் தள்ளலாமா?

மார்பை அடைக்கும் வலி; இடது கையில் குடைச்சல்; உடம்பெல்லாம் வேர்வை. இப்படி ஒருவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வந்தால், இது மாரடைப்பாக இருக்கலாம் என்று தோன்றியதுமே அங்குள்ளவர்கள் அவர் கையில் 14 மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். அவற்றை விழுங்க வைத்து, வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டு அரசாங்கம் 2023ம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தின் ஏற்பாடு இது.

அந்த 14 மாத்திரைகள் என்னென்ன? இரண்டு, ஆஸ்பிரின். நான்கு, குளோபிடோக்ரெல். இவை இரண்டும் ரத்தம் உறைந்து கட்டியாவதைத் தடுப்பவை. இவை எதற்கு என்று எவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் மீதி எட்டு? அவை அடோர்வாஸ்டாடின். அதாவது, ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரால் என்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை!

உயிர் ஊசலாடும் நேரத்தில் கொழுப்பைக் குறைத்து என்ன ஆகப் போகிறது? வீடு பற்றி எரியும்போது சுவருக்கு வெள்ளை அடிப்பதுபோல் இருக்கிறதே என்று சிலருக்குத் தோன்றலாம். கேள்வி நியாயமானதுதான். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வரை டாக்டர்களில் பெரும்பாலோரும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தனர். அந்த எண்ணம் எப்படி மாறியது, மாறியதால் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதைச் சற்று ஆராய்வோம்.

குழாய்க்குள் நடப்பது

இருதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்பு படிகிறது. இது ஒரே நாளில் நடப்பதன்று. பல ஆண்டுகளாகப் படிவது. கொழுப்பின் மீது மெல்லிய தோல் ஒன்று மூடியிருக்கும். ஒரு நாள் அந்தத் தோல் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. உறைந்த கட்டி குழாயை அடைக்கிறது. அடைப்புக்கு அப்பால் உள்ள இருதயத் தசை ரத்தமின்றிச் சாகத் தொடங்குகிறது. இதுவே மாரடைப்பு.

கட்டியைக் கரைக்க மருந்து இருக்கிறது. குழாய்க்குள் சிறு பலூனைச் செலுத்தி அடைப்பை நீக்கி, வலைக்குழல் வைத்து விடவும் முடிகிறது. ஆனால் அத்துடன் கதை முடிந்துவிட்டதா? இல்லை. ஒரு குழாயில் ஓரிடத்தில் தோல் கிழிந்தது என்றால், மற்ற இடங்களில் படிந்துள்ள கொழுப்பும் அதே நிலையில்தான் இருக்கும். எங்கே, எப்போது அடுத்தது கிழியும் என்று சொல்ல முடியாது. முதல் மாரடைப்புக்குப் பிந்திய சில வாரங்களும் மாதங்களுமே மிகவும் ஆபத்தான காலம். "பிழைத்துக் கொண்டார்" என்று வீட்டார் மூச்சு விடும் அந்த நாட்களில்தான் இரண்டாவது அடி காத்திருக்கிறது!

ஏன் காத்திருந்தார்கள்?

முன்பெல்லாம் கொழுப்பு மாத்திரையை டாக்டர்கள் உடனே கொடுக்காமல் இருந்ததற்குக் காரணங்கள் உண்டு. மாரடைப்பு வந்த ஓரிரு நாட்களில் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரால் தானாகவே சற்று இறங்கிவிடும். அப்போது சோதித்தால் சரியான கணக்குக் கிடைக்காது. ஆகவே, சில வாரம் பொறுத்துச் சோதிப்போம் என்றார்கள். முதலில் நெய்யையும் மாமிசத்தையும் குறைத்துப் பார்ப்போம், அதற்கும் மசியாவிட்டால் மாத்திரை கொடுப்போம் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பல ஆண்டுகளாகப் படிந்த கொழுப்பு பல ஆண்டுகளில்தானே கரையும், அதற்கு என்ன அவசரம் என்ற எண்ணமும் இருந்தது.

கேட்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஆனால் நடைமுறையில் என்ன ஆயிற்று? "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலருக்கு அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. சிலர் மறந்தார்கள். சிலர் வேறு டாக்டரிடம் போனார்கள். சிலர் பிழைத்திருக்கவில்லை.

அரிசிக் கடைப் பூசணம்

இந்த மாத்திரையின் பிறப்பே ஒரு சுவையான வரலாறு. ஜப்பானில் அகிடா என்ற பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அகிரா எண்டோ. டோக்கியோவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சியாளராக இருந்தார். நம் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும் பகுதி சாப்பாட்டில் இருந்து வருவதன்று. ஈரல் தானே உற்பத்தி செய்வது. சைவ உணவுக்காரருக்கும் கொலஸ்ட்ரால் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த உற்பத்தியைத் தடுக்கும் சரக்கு ஏதாவது பூசணத்தில் கிடைக்குமா என்று எண்டோ தேடினார். பெனிசிலின் பூசணத்தில் கிடைத்தது அல்லவா? அதுவே அவருக்குத் தூண்டுகோல்.

1971ல் தொடங்கி, சுமார் 6,000 வகைப் பூசணங்களையும் காளான்களையும் சோதித்தார். கடைசியில், கியோட்டோ நகரில் ஒரு தானியக் கடையின் அரிசியில் இருந்து எடுத்த பூசணம் கைகொடுத்தது. 1973ல் அதிலிருந்து பிரித்த பொருள்தான் "காம்பாக்டின்". அது மருந்துக் கடைக்கு வரவில்லை. ஆனால் அதன் வழியைப் பின்பற்றி அமெரிக்காவில் உருவான "லோவாஸ்டாடின்" 1987ல் அந்நாட்டு அரசாங்கத்தின் அனுமதி பெற்று விற்பனைக்கு வந்தது. இன்று "ஸ்டாடின்" என்று வழங்கும் மாத்திரைகள் எல்லாம் அந்தப் பரம்பரையே. எண்டோ 2024ம் ஆண்டு தமது 90வது வயதில் காலமானார்.

ஈரலில் உற்பத்தி குறைந்தால், ஈரல் தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து இழுத்துக் கொள்கிறது. எனவே ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் இறங்குகிறது. ஈரலின் இந்தச் செயலை விளக்கியவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகளான மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும். அதற்காக அவர்களுக்கு 1985ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆறு மாதம், நான்கு நாள் ஆயிற்று

கொலஸ்ட்ரால் இறங்கினால் போதுமா? உயிர் பிழைக்க வேண்டாமா? இதற்கு விடை 1994ல் வந்தது. டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய ஐந்து நாடுகளில், இருதய நோய் கண்ட 4,444 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு "சிம்வாஸ்டாடின்". மற்றதற்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தனர். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்தனர். மருந்து சாப்பிட்டவர்களில் 182 பேர் இறந்தனர். மரண அபாயம் 100க்கு 30 பங்கு குறைந்தது!

வைத்திய உலகம் வியந்தது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மாரடைப்பு வந்து ஆறு மாதம் ஆகாதவர்களை இந்த ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. 1996ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 4,159 பேரிடம் நடந்த ஆராய்ச்சியிலும் மாரடைப்பு வந்து குறைந்தது மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று விதி. ஆபத்து மிகுந்த அந்த முதல் மாதங்களைப் பற்றி எவரும் பேசவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது 2001ல் வெளியான ஓர் ஆராய்ச்சி. நெஞ்சுவலியாலோ ஒரு வகை மாரடைப்பாலோ ஆஸ்பத்திரிக்கு வந்த 3,086 பேருக்கு, வந்த 24 மணி நேரத்திலிருந்து நான்கு நாட்களுக்குள் மாத்திரையைத் தொடங்கினார்கள். ஒரு பிரிவுக்கு 80 மில்லிகிராம் அடோர்வாஸ்டாடின். மற்றதற்கு வெறும் மாத்திரை. நம் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் எட்டு மாத்திரைகளும் ஒவ்வொன்றும் 10 மில்லிகிராம். கூட்டிப் பாருங்கள், அதே 80!

16 வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். மரணம், மறு மாரடைப்பு, இருதயம் நின்று மீட்கப்படுதல், நெஞ்சுவலி முற்றி மீண்டும் ஆஸ்பத்திரிக்கு வருதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வெறும் மாத்திரைக்காரர்களில் 100க்கு 17.4 பேருக்கு நேர்ந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 14.8 பேருக்கு. வித்தியாசம் பெரிதன்று, ஆனால் நான்கே மாதத்தில் கிடைத்த வித்தியாசம்.

2004ல் மற்றோர் ஆராய்ச்சி இதை உறுதி செய்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து பத்து நாட்களுக்கு உட்பட்ட 4,162 பேரில் ஒரு பிரிவுக்கு வீரியம் மிகுந்த மாத்திரையும், மற்றதற்கு மிதமான மாத்திரையும் கொடுத்தனர். இரண்டு ஆண்டுகளில் மிதமான மாத்திரைக்காரர்களில் 100க்கு 26.3 பேர் மரணம், மறு மாரடைப்பு முதலிய கெடுதலுக்கு ஆளாயினர். வீரிய மாத்திரைக்காரர்களில் அது 22.4. முதல் மாதத்திலேயே இரு பிரிவும் பிரியத் தொடங்கிவிட்டன.

மிகைப்படுத்தலாகாது

இதையெல்லாம் படித்துவிட்டு, இந்த மாத்திரை அந்தக் கணமே உயிரை மீட்கும் சஞ்சீவி என்று எண்ணிவிடக்கூடாது. 14,000க்கும் அதிகமான நோயாளிகளிடம் நடந்த 18 ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்து 2014ல் பரிசீலித்தார்கள். முதல் நான்கு மாதத்தில் நெஞ்சுவலி முற்றுவது குறைந்தது. ஆனால் மரணம் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2018ல் பிரேசில் நாட்டில் 4,191 பேரிடம் மற்றொரு சோதனை நடந்தது. பலூன் சிகிச்சைக்கு முன்பே பெரிய அளவில் மாத்திரை கொடுத்தால் நன்மை உண்டா என்று பார்த்தார்கள். 30 நாளில், மொத்தத்தில் இரு பிரிவுக்கும் திட்டமான வித்தியாசம் தெரியவில்லை. சிகிச்சை உண்மையில் செய்து கொண்டவர்களிடம் மட்டும் ஓரளவு நன்மை தென்பட்டது.

அப்படியானால் இந்த அவசரம் எதற்கு?

மணிக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. மாதக் கணக்குத்தான் முக்கியம் என்பதே இந்த ஆராய்ச்சிகள் எல்லாம் சேர்ந்து சொல்லும் பாடம். காலையில் தொடங்கினாலும் மாலையில் தொடங்கினாலும் பெரிய பேதமில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே தொடங்குவதற்கும், வீட்டுக்குப் போன பின் "பார்க்கலாம்" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

ஆஸ்பத்திரியிலேயே தொடங்கினால்

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 1990க்குப் பிந்திய ஆண்டுகளில் ஒரு விதி செய்தார்கள். மாரடைப்பு நோயாளி எவரும் வீட்டுக்குப் புறப்படும் முன்பே கொழுப்பு மாத்திரை முதலிய மருந்துகளைத் தொடங்கிவிட வேண்டும் என்பது அந்த விதி. அதற்கு முன்பு, வீட்டுக்குப் போகும்போது இந்த மாத்திரை பெற்றவர்கள் 100க்கு 6 பேர். விதி வந்த பிறகு 86 பேர்! புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த மருந்தை நேரத்தோடு கொடுத்தார்கள், அவ்வளவே. அடுத்த ஓராண்டில் மரணமும் மறு மாரடைப்பும் முன்பிருந்ததில் பாதிக்கும் கீழாக இறங்கின.

இதில் மனித சுபாவம் அடங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவர் டாக்டர் சொல்வதைக் கேட்பார். சாவை நேரில் கண்டவர் அவர். அன்று தொடங்கிய மாத்திரை, இருதயத்துக்கான மருந்து என்று மனத்தில் பதிந்துவிடும். மூன்று மாதம் கழித்து, உடம்பு தேறிய பின், "கொழுப்பு கொஞ்சம் கூட இருக்கிறது" என்று சொல்லிக் கொடுக்கும் மாத்திரைக்கு அந்த மதிப்பு இல்லை.

ஸ்வீடன் நாட்டின் இருதய நோய்ப் பதிவேடும் இதையொட்டிய செய்தியையே சொல்கிறது. முதல் மாரடைப்பு கண்ட 19,599 பேரின் கணக்கு 2001ல் வெளியாயிற்று. வீட்டுக்குப் புறப்படும்போது மாத்திரை பெற்றவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 100க்கு 4 பேர், பெறாதவர்களில் 9.3 பேர். மாத்திரை பெற்றவர்கள் முன்பே சற்றுத் திடமானவர்களாக இருந்திருக்கலாம். அதையும் கழித்துப் பார்த்த பிறகும் மரண அபாயம் கால் பங்கு குறைவாகவே இருந்தது.

இன்று ஐரோப்பிய, அமெரிக்க இருதய நிபுணர் சங்கங்கள், கொலஸ்ட்ரால் எவ்வளவு இருந்தாலும் சரி, மாரடைப்பு நோயாளிக்கு வீரிய ஸ்டாடினைக் கூடிய சீக்கிரம் தொடங்கிவிடச் சொல்கின்றன. நாலு முதல் ஆறு வாரத்தில் மறுபடி ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். கெட்ட கொலஸ்ட்ரால் 55 மில்லிகிராமுக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது 2019ல் ஐரோப்பியர் வகுத்த எல்லை. இறங்காவிட்டால் "எசிடிமைப்" போன்ற இன்னொரு மருந்தைச் சேர்ப்பார்கள்.

மண்டலக் கணக்கு உதவாது

தொடங்குவது பாதி வேலை. தொடர்வது மறுபாதி. நம் நாட்டில் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த மறுபாதியில்தான்.

நம் வைத்திய மரபில் "ஒரு மண்டலம்" என்பது பழக்கமான கணக்கு. 48 நாள் மருந்து, 48 நாள் பத்தியம். வியாதி போயிற்று, மருந்தை நிறுத்து. இந்தப் பழக்கத்தை மாரடைப்பு மாத்திரைக்கும் பொருத்திப் பார்ப்பவர்கள் அநேகம். "இரண்டு மாதம் சாப்பிட்டேன். ரத்தம் சோதித்தேன். கொழுப்பு இறங்கிவிட்டது. இனி எதற்கு மாத்திரை?" என்கிறார்கள். கொழுப்பு இறங்கியது மாத்திரையால்! நிறுத்திய சில வாரங்களில் அது பழைய இடத்துக்கே ஏறிவிடும். குடை பிடித்ததால் நனையவில்லை. நனையவில்லை என்பதற்காக மழையில் குடையை மடக்குவார் உண்டா?

17 நாடுகளில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2011ல் வெளியாயிற்று. மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்களில் எத்தனை பேர் ஸ்டாடின் சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். பணக்கார நாடுகளில் 100க்கு 66.5 பேர். ஏழை நாடுகளில் 3.3 பேர்! அந்தக் கணக்கில் இந்தியா ஏழை நாடுகளின் வரிசையில் இருந்தது. அதன் பிறகு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கலாம். ஆனால் எங்கிருந்து புறப்பட்டோம் என்பதை மறக்கக்கூடாது.

பயமும் வலியும்

மாத்திரையை நிறுத்துவதற்குப் பலர் சொல்லும் காரணம் உடம்பு வலி. ஸ்டாடினால் தசை வலி வருவதுண்டு என்பது உண்மை. ஆனால் வரும் வலியெல்லாம் மாத்திரையால் வருவதா? லண்டனில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2020ல் வெளியாயிற்று. வலி தாங்காமல் ஸ்டாடினை நிறுத்தியிருந்த 60 பேருக்குச் சில மாதங்கள் ஸ்டாடினும், சில மாதங்கள் வெறும் மாத்திரையும், சில மாதங்கள் ஒன்றுமே இல்லாமலும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எது எந்த மாதம் என்று மாத்திரை சாப்பிட்டவருக்குத் தெரியாது. ஸ்டாடின் மாதத்தில் கண்ட தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் மாத்திரை மாதத்திலும் இருந்தது! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பொய்யல்லவே. உண்மையை அறிந்ததும், அவர்களில் பாதிப் பேர் மறுபடி மாத்திரையைத் தொடங்கினர்.

இதனால் வலியை அலட்சியம் செய்யலாம் என்பதில்லை. தசை மிகவும் வலித்துப் பலவீனமானாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஈரல் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைப்பதோ, வேறு ஸ்டாடினுக்கு மாற்றுவதோ டாக்டரின் வேலை. பக்கத்து வீட்டுக்காரரின் யோசனையைக் கேட்டு நாமே நிறுத்துவது விபரீதம். அதேபோல, வலி ஒன்றும் இல்லாதவர் பயத்தால் தாமே வாங்கிச் சாப்பிடுவதும் தவறு.

செய்ய வேண்டியவை

மாரடைப்பு வந்த மணியிலேயே கொழுப்பு மாத்திரையும் நோயாளியின் வாய்க்குப் போகிறது. தமிழ்நாட்டில் இது பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால் முதல் எட்டு மாத்திரையை அரசாங்கம் கொடுத்துவிட்டது. ஒன்பதாவது மாத்திரையை யார் பார்த்துக் கொள்வது? இதுவே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில், "இந்த மாத்திரை நிறுத்தக்கூடாதது" என்று தமிழில், பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். மறு சோதனைக்கு வர வேண்டிய தேதியையும் அதிலேயே குறித்துக் கொடுக்க வேண்டும். தேதி தவறினால், கிராமத்துச் செவிலியர் வீட்டுக்கே போய் விசாரிக்க வேண்டும். ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டு போகும் திட்டம் 2021ல் வந்தது. அந்தப் பையில் மாரடைப்பு கண்டவரின் கொழுப்பு மாத்திரையும் தவறாமல் இடம் பெற வேண்டும். இது விலை உயர்ந்த மருந்தன்று. அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் உள்ளது. பணத்தைக் காரணம் காட்ட இடமில்லை.

தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இது பொருந்தும். லட்சக்கணக்கில் செலவழித்து வலைக்குழல் வைத்தவரிடம், இந்தச் சிறு மாத்திரை எதற்கு என்று ஐந்து நிமிஷம் உட்கார்ந்து சொல்ல டாக்டருக்கு நேரம் வேண்டும். "குழாயைச் சரி செய்தாகிவிட்டது" என்ற சொல்லோடு போகிறவர், வியாதியும் போய்விட்டதாகவே எண்ணுகிறார். குழாயில் சரியானது ஓரிடம் மட்டுமே.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. மாரடைப்பு வந்து மீண்டவர் வீட்டில் இருந்தால், புகையிலையை நிறுத்தச் சொல்லுங்கள், நடக்கச் சொல்லுங்கள், எண்ணெயையும் உப்பையும் அளவோடு வைத்துக் கொள்ளுங்கள். இவற்றுடன், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு "மாத்திரை போட்டாயிற்றா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பத்து நாளைக்கு மேல் மாத்திரைப் பெட்டி காலியாக இருந்தால், ஏன் என்று விசாரியுங்கள்.

ஆற்றைக் கடக்கும் வரையில் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார் நான் யார் என்பார்கள். மருந்திடம் அப்படி நடந்துகொண்டால் நஷ்டம் மருந்துக்கு இல்லை. மாரடைப்பில் பிழைத்தவர் இன்னும் ஆற்றின் நடுவில்தான் இருக்கிறார். கரை சேரும் வரை துடுப்பைக் கீழே போடலாகாது.